மூளைக்கும் ஒரு சேமநிதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும், மத்திய சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார். 1955ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் திட்டம் நமக்கு ஒரு பாடம் கற்றுத் தந்திருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு வேண்டியதை ஓய்வுபெற்ற பிறகு தேட முடியாது. கை கால் ஓடும் காலத்திலேயே மாதாமாதம் சிறுகச் சிறுகப் போட்டு வரவேண்டும்.

பணத்தை இப்படிச் சேர்க்கிறோம். வீட்டுக் கடனையும் கட்டி முடிக்கிறோம். ஆனால் அந்தப் பணத்தை எண்ணிச் செலவழிக்கவும், அந்த வீட்டுக்கு வழி தெரிந்து திரும்பி வரவும், பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஒரு மூளை வேண்டுமே! அதற்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறோம்? மூளைக்கும் ஒரு சேமநிதி உண்டா? உண்டு என்றால் அதில் எதைப் போடுவது, எப்போது போடுவது? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ராணியைப் போல் வைத்திருந்தோமே!

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். அங் மோ கியோவில் ஒரு நான்கறை வீடு. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், அறுபத்தாறு வயதில் ஒரு தாய். சனிக்கிழமை விடிந்தால் அந்தத் தாய் கையில் பையோடு பஸ் ஏறித் தேக்கா சந்தைக்குப் போவார். மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவார். காய்கறிக் கடையில் பாதி மலாய், பாதி ஆங்கிலம். மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார். பழைய அண்டைவீட்டுக்காரியைப் பார்த்தால் அரைமணி நேரம் நின்று பேசுவார். வீட்டுக்கு வந்து ஐந்து பேருக்குச் சமைப்பார். யாருக்கு உப்புக் குறைய வேண்டும், யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் ஈரத்தரையில் கால் வழுக்கியது. பெரிய அடி இல்லை. ஆனாலும் மகன் பயந்துவிட்டார். "அம்மா, இனிமே நீங்க எங்கேயும் போக வேண்டாம்" என்றார். மருமகளும் பாசத்தோடு, "அத்தை, நீங்க உட்காருங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்" என்றார். இல்லப் பணிப்பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். மளிகைச் சாமான் வாசலுக்கே வந்தது. தாய்க்கு மெத்தென்ற ஒரு நாற்காலியும் காலை முதல் இரவு வரை தொடர் நாடகமும் மிஞ்சின.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சொன்னதையே சொல்கிறார். அடுப்பில் வைத்ததை மறக்கிறார். பேச்சுக் குறைந்துவிட்டது. மகன் கலங்கிப் போய்ச் சொல்கிறார்: "ஒரு வேலையும் கொடுக்காம ராணி மாதிரிதானே வச்சிருந்தோம்!"

நேயர்களே, சும்மா உட்கார்ந்ததால்தான் அந்தத் தாய்க்கு இப்படி ஆனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் ஓசைப்படாமல் முன்பே தொடங்கியும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. நடை, பேரம், கணக்கு, மூன்று மொழி, நாலு மனிதர்கள், சமையல் என்று அவருடைய மூளைச் சேமநிதிக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்த தவணைகள் ஒரே நாளில் நின்றுபோயின. நிறுத்தியவர்கள் அவர்மீது அன்பு வைத்த பிள்ளைகள்தான். இந்த உரையில் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தியும் இதுவே.

வயதானால் எல்லாருக்கும் வருமா?

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் உள்ளது. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே விளங்காமல் போவதுதான் நோய். முதுமைமறதி என்றும் டிமென்ஷியா என்றும் சொல்கிறார்களே, அது மூப்பின் இயல்பான பகுதியன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. அவற்றுள் பெரும்பாலோருக்கு வருவது அல்சைமர் நோய். அடுத்த நிலையில் இருப்பது மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது. பலருக்கு இரண்டும் கலந்தே வருகின்றன.

சிங்கப்பூரில் மனநலக் கழகத்தின் தலைமையில் 2013ல் நடந்த ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதைக் காட்டியது. பத்தாண்டுகள் கழித்து 2023ல் மறுபடியும் கணக்கெடுத்தபோது அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மலேசியாவில் 2018ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் கிடைத்த எண் 8.5 விழுக்காடு.

மூப்படைவோர் பெருகிவரும் நாட்டில் விகிதம் குறைகிறது என்றால், இது தலையில் எழுதிய எழுத்தல்ல என்றுதானே பொருள்? உலகின் முன்னணி மருத்துவ இதழான லேன்செட் அமைத்த ஆணையம் 2024ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை அது பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் களைந்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் மதிப்பீடு. மீதி நம் கையில் இல்லை. வயது, பரம்பரை ஆகியவற்றை மாற்ற முடியாது. எல்லாப் பழக்கமும் சரியாக இருந்தவருக்கும் நோய் வருவதுண்டு. ஆகவே நோயாளியைப் பார்த்து, "நீங்க ஒழுங்கா இருந்திருந்தா வந்திருக்காது" என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

கையிருப்பு என்பது என்ன?

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 678 பேர் அதில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்த பிறகு தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரவும் சம்மதித்தார்கள். அப்படி ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. சிலருடைய மூளையில் அல்சைமர் நோய்க்குரிய படிவுகள் ஏராளமாக இருந்தன. ஆனால் அவர்களோ சாகும்வரை தெளிவாகப் பேசி, தெளிவாக நடந்தவர்கள்!

இது எப்படி? மழையில் ஒரு பாதை அடைபட்டால், பல பாதை தெரிந்த டாக்சி ஓட்டுநர் வேறு வழியாகப் போய்விடுவார். ஒரே பாதை தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். வாழ்நாள் முழுவதும் படித்து, பேசி, கற்று, வேலை செய்து பழகிய மூளைக்குள் பாதைகள் அதிகம். நோய் ஒரு பாதையை அடைத்தாலும் அது இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் அறிஞர்கள் மூளையின் கையிருப்பு என்கிறார்கள்.

இந்தக் கையிருப்பில் தமிழர்களாகிய நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி தலைமையில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது என்பதுதான் முக்கியம். எல்லா நாட்டு ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், சந்தையில் மலாய் என்று வாழும் நம் குடும்பங்களில், "தமிழ் எதுக்கு, ஆங்கிலம் போதும்" என்று ஒரு மொழியை விட்டுவிடுவது புத்திசாலித்தனமா? பேரப்பிள்ளையோடு தமிழில் பேசினால் பிள்ளைக்கும் மொழி வளர்கிறது, தாத்தாவின் மூளைக்கும் வேலை கிடைக்கிறது. இருவர் கணக்கிலும் வரவு!

இரத்தம் ஒழுங்காகப் போகட்டும்

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் இரண்டு விழுக்காடுதான். ஆனால் உடல் வாங்கும் உயிர்வாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு பசியுள்ள உறுப்புக்கு உணவு போகும் குழாய் பழுதானால் என்ன ஆகும்? ஆகவே இதயத்துக்கு எது நல்லதோ அது மூளைக்கும் நல்லது.

முதலில் இரத்த அழுத்தம். அமெரிக்காவில் இரத்த அழுத்தம் உள்ள 9,300க்கும் மேற்பட்டோரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவில் மேல் எண்ணை 140க்குக் கீழும், மற்றொரு குழுவில் 120க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். 2019ல் வெளியான முடிவின்படி, 120ஐக் குறிவைத்த குழுவில் இலேசான அறிவுத்திறன் குறைபாடு 19 விழுக்காடு குறைவாக இருந்தது. எல்லாருக்கும் 120தான் இலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். தலைசுற்றி விழும் முதியவருக்கு அது ஆபத்தாகவும் முடியும். யாருக்கு எந்த எண் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "எனக்கு ஒண்ணும் தெரியலையே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறோமே, அதுதான் பெரிய தவறு. இரத்த அழுத்தம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாற்பது ஐம்பது வயதில் கவனிக்காமல் விட்ட அழுத்தத்துக்கு எழுபதில் மூளை கணக்குத் தீர்க்கிறது.

அடுத்தது நீரிழிவு. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அது அதிகம் என்பது அரசாங்கக் கணக்கு. நம் வீட்டு விசேஷங்களை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. காலையில் உணவங்காடி நிலையத்தில் கட்டிப்பால் ஊற்றிய தே, பத்து மணிக்கு இன்னொன்று, மாலையில் பலகாரத்தோடு மற்றொன்று. தேநீர் கெடுதல் அல்ல; அதில் கொட்டும் சர்க்கரைதான் கெடுதல். "தே ஓ கோசோங்" என்று சொல்லப் பழகுவோம். முதல் வாரம் கசக்கும், மூன்றாம் வாரம் பழகிவிடும். அவ்வளவு தூரம் முடியாதென்றால் "சியூ டாய்" என்றாவது சொல்லலாம். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு நடப்புக்கு வந்தது. அந்த எழுத்தைப் பார்த்து வாங்கக் காசா பணமா?

மூன்றாவது, கெட்ட கொழுப்பு. 2024ல் லேன்செட் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த இரண்டில் இது ஒன்று. புகைபிடிப்பதையும் அளவுக்கு மீறிக் குடிப்பதையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இரண்டும் மூளைக்குப் பகை. இரத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வெறும் சோதனையிலேயே அறிந்துகொள்ளலாம். 2023ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து போனால் இந்த எண்கள் கைதவறிப் போகாது.

கால் நடக்க மூளை நடக்கும்

வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் காசு கட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நடந்த அடிகளைக் கருவி கட்டி எண்ணிப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 3,800 அடி நடந்தவர்களிடமே மறதிநோய் கால்பங்கு குறைவாகக் காணப்பட்டது என 2022ல் அந்த ஆய்வு கூறியது. சுமார் 9,800 அடி நடந்தவர்களிடம் பாதியளவு குறைவு. நல்ல உடல்நலம் உள்ளவர்களே அதிகம் நடந்திருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன், இல்லையென்றால் வீண் என்று சோர்ந்து உட்கார வேண்டாம் என்பதே இதில் நமக்குள்ள செய்தி.

நாம் பார்த்த அந்தத் தாய்க்கு பீஷான்-அங் மோ கியோ பூங்கா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கைப்பிடிக்க ஒருவர் உடன் சென்றால் போதும். விழுந்துவிடுவார் என்ற பயம் நியாயமானதுதான். தலையில் அடிபடுவதும் மறதிநோய்க்கு ஒரு காரணம். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் வலுவிழந்து விழும் ஆபத்துக் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. வழுக்காத செருப்பு, குளியலறையில் கைப்பிடி, கண்ணுக்குச் சரியான கண்ணாடி, கால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவைதான் விழாமல் காப்பவை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளையர்களுக்கோ தலைக்கவசம்.

காது மங்கினால் மனம் ஒதுங்கும்

பலர் நினைத்தும் பார்க்காத ஒன்று காது. லேன்செட் பட்டியலில் முதல் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு காரணங்களில் ஒன்று செவிக்குறைபாடு. மற்றது கெட்ட கொழுப்பு. ஒவ்வொன்றின் பங்கும் ஏழு விழுக்காடு.

காது கேட்காதவர் வீட்டில் என்ன நடக்கிறது? "என்ன சொன்னே?" என்று முதல் தடவை கேட்கிறார். மறுபடி சொல்கிறோம். மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்கிறோம். அந்த "விடுங்க" என்ற சொல்லில்தான் கெடுதல் இருக்கிறது. அவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகுகிறார். திருமணத்துக்குப் போனால் ஓர் ஓரமாக உட்கார்ந்து சிரித்து வைக்கிறார். பிறகு போவதையே நிறுத்திவிடுகிறார். கேட்கும் வேலையும் இல்லை, பேசும் வேலையும் இல்லை என்றால் மூளைக்கு எது வேலை?

அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை மூன்றாண்டு கவனித்து 2023ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் காதுக்கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நோய் ஆபத்து அதிகமிருந்த பிரிவினரிடம், கருவி பெற்றவர்களின் அறிவுத்திறன் சரிவு 48 விழுக்காடு மந்தப்பட்டது. கண்ணாடி போட நாம் வெட்கப்படுவதில்லை. காதுக்கருவி மாட்ட மட்டும் ஏன் வெட்கம்? கண்புரையைக் கவனிக்காமல் விடுவதும் இப்படித்தான். சரிசெய்யாத பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் உள்ளது. சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கண், காது, பல் மூன்றையும் சோதிக்கும் திட்டம் 2018ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது காதைச் சோதித்துக்கொண்டார் என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.

தூக்கமும் தட்டும்

"நாலு மணி நேரம் தூங்கினாப் போதும் எனக்கு" என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021ல் வெளியானது. ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட நோய் ஆபத்து 30 விழுக்காடு அதிகம் எனக் கண்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் கைத்தொலைபேசியில் காணொளி பார்ப்பதை விட்டாலே பலருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தால் அது சிரிப்பதற்குரியதல்ல. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

சாப்பாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். முதியோர் 1,010 பேரில், கறி உண்ணாதவர்களைவிட அவ்வப்போதோ அடிக்கடியோ உண்டவர்கள் நினைவாற்றல் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். மஞ்சள் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் இது ஒரு தொடர்புதானே தவிர நிரூபணம் அல்ல. மஞ்சள் போட்டிருக்கிறதே என்று நெய்ச்சோற்றையும் பொரித்த ஆட்டிறைச்சியையும் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள அது அனுமதிச்சீட்டு ஆகாது! கீரை, பருப்பு, காய்கறி, மீன், தீட்டாத தானியம் ஆகியவை தட்டில் கூடி, சோறு, உப்பு, எண்ணெய் குறைந்தாலே போதும்.

வல்லாரை பற்றிப் பலர் கேட்பார்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. ஆனால் அதுவே மறதிநோயைத் தடுக்கும் என்பதற்குப் பெரிய அளவிலான சோதனைச் சான்று இல்லை. மாத்திரை வடிவில் விற்கும் ஜிங்கோ இலைச்சாற்றை அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரிடம் சோதித்து, அது நோயைத் தடுக்கவில்லை என்று 2008லேயே சொல்லிவிட்டார்கள். புட்டியில் அடைத்து விற்கும் நினைவாற்றலுக்குக் கொடுக்கும் காசில் மீனும் கீரையும் வாங்கலாம்.

தனிமையே பெரிய பட்டினி

பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015ல் வெளிவந்தது. சத்துணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகிய அனைத்தையும் ஒருசேர இரண்டாண்டு செய்தவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதைப் பின்பற்றிச் சிங்கப்பூரிலும் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் 2,111 பேரிடம் இதே முறையைச் சோதித்து 2025ல் முடிவு சொன்னார்கள். குறிப்புகளைக் கொடுத்து, "உங்கள் வசதிப்படி செய்யுங்கள்" என்று விடப்பட்டவர்களும் முன்னேறினார்கள். ஆனால் இரண்டாண்டில் 38 முறை குழுவாகக் கூடி, ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தி, திட்டமிட்டுச் செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட நாலு பேர் இருந்தால்தான் அது நடக்கிறது.

நம்மிடம் அந்த நாலு பேர் இல்லையா? சமூக மன்றங்கள் இருக்கின்றன. துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் இருக்கின்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் இருக்கின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையும் இருக்கிறது. தாத்தா அங்கே போய் இரண்டு மணி நேரம் அரசியல் பேசினால், "வேலையில்லாத பேச்சு" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அதுதான் அவருக்கு வேலை!

வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

இப்போது அங் மோ கியோ வீட்டுக்குத் திரும்பலாம். மகன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தைராய்டு குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. முழுச் சைவமாக உண்பவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தச் சோதனை நம் சமூகத்துக்கு மிகவும் வேண்டியது. 2023 ஆய்வின்படி, இங்கே மறதிநோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்நோய் இருப்பதே கண்டறியப்படாமல் வாழ்கிறார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஊர் சொல்லுமே" என்ற கூச்சம்தான் பல வீடுகளில் கதவை அடைக்கிறது. நோய்தான் என்று தெரிந்தாலும், முன்கூட்டித் தெரிந்தால் குடும்பம் திட்டமிடலாம். அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, பறித்த வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை தேக்காவுக்கு மகனும் உடன் போகட்டும். பையை மகன் தூக்கட்டும். பேரத்தைத் தாய் பேசட்டும். சமையலறையில் பணிப்பெண் நறுக்கட்டும். தாளிப்பதைத் தாய் சொல்லிக் கொடுக்கட்டும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடப் பேத்திக்குக் கற்றுத் தரட்டும். பேரன் பதிலுக்குக் காணொளி அழைப்பு செய்யப் பாட்டிக்குக் கற்றுத் தரட்டும். பத்திரிகையை எடுத்து, "அம்மா, கண்ணாடி வீட்டுல விட்டுட்டேன், கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்று மகன் கேட்கட்டும். உப்புக் கூடினாலும் கோலம் கோணினாலும் முகம் சுளிக்க வேண்டாம்.

போனது எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்தத் தாய் மீண்டும் ஒருவருக்கு வேண்டியவர் ஆகிறார். அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இதெல்லாம் அப்பா அம்மாவுக்கான பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் சேமநிதிக்கு இதுதான் தவணை கட்டும் காலம். நாளைக் காலையில் மின்தூக்கியை விட்டு இரண்டு மாடி நடந்து இறங்குங்கள். தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு விளக்கை அணையுங்கள். அதற்கு முன், தொலைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, அந்த மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு போடணும்?" என்று கேளுங்கள். விடை தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் இரண்டு கணக்கிலும் வரவு ஏறும்.